வீட்டைக் காயவைப்போம், பிள்ளைகளின் மூச்சைக் காப்போம்

கலகெதர பகுதியில் வீடு திரும்பும் குடும்பங்களுக்கான சுகாதார உரை



2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தை எப்படி ஆட்டியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இப்போது வீட்டுக்குப் போகப் போகிறீர்கள். மண்சரிவு அபாயம் உள்ள இடமாக இருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் முடிவைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு அறியாமல் போகவேண்டாம். போகலாம் என்றவர்களுக்கே இனி நான் சொல்வது.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவுடன் ஒரு புழுங்கல் மணம் வரும். சுவரில் கறுப்பும் பச்சையுமாகப் படிந்திருப்பது பூஞ்சணம். நனைந்த பொருளில் அது ஓரிரு நாளிலேயே பிடிக்கத் தொடங்கும். அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா சூறாவளி வெள்ளத்துக்குப் பிறகு நியூ ஓர்லியன்ஸ் பகுதி வீடுகளைச் சோதித்தபோது ஏறத்தாழ பாதி வீடுகளில் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே இது உங்கள் வீட்டின் அசுத்தம் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு: தூசிச் சிற்றுண்ணி. ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதன் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சி வாழ்கிறது. மெத்தையும் தலையணையும் அதன் வீடு. அதன் எச்சம் மூக்கில் ஏறும்போதுதான் தும்மல், கண் கடி, முட்டு எல்லாம் வருகின்றன.

கண்டிப் பக்கத்துக் காற்றை நாங்கள் காயவைக்க முடியாது. ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பொருட்களைக் குறைக்க முடியும். தேய்த்துக் கழுவுவதைவிட இதுதான் முக்கியம்.

முதல் நாள் கதவு யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகளும் வயதானவர்களும் சுத்தம் செய்து முடியும்வரை வேறு இடத்தில் இருக்கட்டும். சுத்தம் செய்பவர் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ந்த சேற்றையும் பூஞ்சணத்தையும் தும்புத்தடியால் அப்படியே கூட்டவேண்டாம். எல்லாம் காற்றில் பறந்து நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

சீமெந்துச் சுவரைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்துக் காயவிடுங்கள். கறை போகாவிட்டால் 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேநீர்க் கோப்பை வெளிற்றும் திரவம் போதும், அதற்குமேல் வேண்டாம். அதை மலசலகூடம் கழுவும் அமிலத்துடன் ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சுவாயு ஆபத்தானது. மண் சுவரில் தண்ணீர் ஊற்றவேண்டாம், பிழிந்த துணியால் துடைத்தால் போதும். ஈரச் சுவருக்கு உடனே சுண்ணாம்பு அடித்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும்வரை பூஞ்சணம் திரும்பி வரும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு அடியுங்கள். மாசி, பங்குனி வெயில் அதற்கு நல்லது. கூரை ஒழுகினால் முதலில் அதைத்தான் அடைக்க வேண்டும்.

அடுத்தது மெத்தை. இதைச் சொல்லும்போது, “எறியச் சொல்கிறீர்களே, புதியதுக்கு யார் காசு தருவது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கலியாணத்துக்கு வாங்கிய மெத்தையை எறிய யாருக்கு மனம் வரும்? ஆனால் வெள்ளத்தில் ஊறிய பஞ்சு மெத்தையும் தலையணையும் வெளியே காய்ந்தாலும் உள்ளே காயாது. அவற்றை வைத்திருந்தால் அந்தக் காசு பிள்ளையின் மருந்துக்குப் போகும். எறிவதற்கு முன் படம் எடுத்து, சேதப் பட்டியலில் எழுதி, கிராம உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். அதுவரை பாயில் படுப்பது குறைவல்ல. பாயைத் தினமும் உதறி வெயிலில் போடலாம், மெத்தையை அப்படிச் செய்ய முடியாது. நனையாமல் தப்பிய மெத்தை இருந்தால் முழுவதையும் பொலித்தீன் உறையால் மூடி, மேலே விரிப்பைப் போடுங்கள்.

படுக்கை விரிப்பு, தலையணை உறை இரண்டையும் கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள். கை வைக்க முடியாத அளவு சூடான தண்ணீரில், அதாவது 55 பாகை செல்சியசுக்கு மேல், ஊறவைத்தால் சிற்றுண்ணி சாகும். விறகு பஞ்சமென்றால் சாதாரணத் தண்ணீரில் கழுவி, கடும் வெயிலில் மொறுமொறுவென்று காயவையுங்கள். மழை நாளில் ஈரத் துணியைப் படுக்கை அறைக்குள் தொங்கவிடாதீர்கள். மிளகு, கராம்பு காயப்போடுவதும் விறாந்தையோடு நிற்கட்டும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

மணம் போகச் சாம்பிராணி பிடிப்பவர்கள் உண்டு. புகை மணத்தை மறைக்கும், பூஞ்சணத்தைப் போக்காது; முட்டு உள்ளவருக்கு அந்தப் புகையே வருத்தத்தைக் கூட்டும். நுளம்புச் சுருளும் அப்படித்தான். நுளம்பு வலை நல்லது.

கடைசியாக ஒன்று. சுத்தம் செய்வது மருந்துக்குப் பதில் அல்ல. வைத்தியர் தந்த இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். இடப்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் அடுத்த கிளினிக் நாளிலேயே சொல்லிப் புதியது எடுங்கள். பிள்ளை ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், விலா எலும்பு உள்ளே இழுபட்டால், உதடு நீலமானால், காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. முதலில் பிள்ளை தூங்கும் அறையைக் காயவையுங்கள், மற்ற அறைகளைப் பிறகு பார்க்கலாம். அயலவர்கள் சேர்ந்து ஒவ்வொரு வீடாகச் செய்தால் வேலையும் இலேசு, மனமும் இலேசு.