'தோழி'யின் ஆசிரியர் செல்வி

பொதட்டூர்பேட்டையிலிருந்து பேசுறேன். பின்னால லேசா கேட்கிற சத்தம் விசைத்தறி. எடிட் பண்ணியும் முழுசா போகல, பொறுத்துக்கோங்க.

இன்னைக்குச் செல்வியைப் பற்றிப் பேசலாம். முழுப்பெயர் செல்வநிதி தியாகராஜா. இலங்கையில் வவுனியா பக்கம் சேமமடு அவர் ஊர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர். இந்தப் பெயரைக் கேள்விப்பட்ட பெரும்பாலானவர்களுக்கு அவர் 'காணாமல் போன கவிஞர்', அவ்வளவுதான். அந்தக் கதையும் வரும். ஆனா எனக்கு முக்கியமாப் படுவது அவர் செய்த இன்னொரு வேலை. 'தோழி' என்ற பெண்ணிய இதழை ஆரம்பித்து நடத்தியவர் அவர்.

1986-ல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் ஒரு சின்னப் புத்தகம் போட்டது. பெயர் 'சொல்லாத சேதிகள்'. பத்துப் பெண்களின் கவிதைகள். தொகுத்தவர் சித்திரலேகா மௌனகுரு. அதில் சிவரமணி இருக்கார். போர் பற்றிய கவிதைன்னா வீரம், தியாகம் என்று எதிர்பார்ப்போம் இல்லையா? இவங்க எழுதியது வீட்டுக்குள்ளே நடப்பது, சீதனம், பயம், தெருவில் நடக்க முடியாத மாலை நேரம். அப்போது இப்படி எழுதிய பெண்களில் பலர் புனைபெயரில்தான் எழுதினாங்க. ஊர்வசி, சங்கரி எல்லாம் புனைபெயர்கள்.

கவிஞருக்கு அந்த வசதி உண்டு. பெயரை மாற்றிக்கிட்டு ஒளிஞ்சுக்கலாம். பத்திரிகை ஆசிரியருக்கு அது முடியாது. கவிதை கொண்டு வர்றவங்களுக்கு அவரைத் தெரியணும், அச்சகத்துக்குத் தெரியணும், பிரதி வாங்குறவங்களுக்கும் தெரியணும். எங்க ஊர்ல துணியில் நெசவாளர் பேர் இருக்காது. ஆனா தறி எந்த வீட்டில் ஓடுதுன்னு தெருவுக்கே தெரியும். சிற்றிதழ் ஆசிரியர் நிலைமையும் அதுதான். அடுத்தவர் எழுத்துக்காக வெளியே தெரிய நிற்கணும்.

செல்வி நின்ற இடம் எப்படிப்பட்டதுன்னு பாருங்க. 1989 செப்டம்பர் 21 அன்று அதே பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் பேராசிரியர் ரஜனி திராணகம யாழ்ப்பாணத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பின் வன்முறையையும் பதிவு செய்தவர் அவர். 1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தது. யாழ்ப்பாணம் புலிகளின் கட்டுப்பாட்டில், மேலே அரசின் விமானக் குண்டுகள், பொருளாதாரத் தடை. மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. தாளுக்கும்தான். செய்தித்தாளே கோடு போட்ட நோட்டுத் தாளில் அச்சான காலம் அது.

1991 மே 19 அன்று சிவரமணி தன் கையில் இருந்த கவிதைகளை எரித்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். வயது 22. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று, செல்வியை விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள். அப்போது மூன்றாம் ஆண்டு மாணவி. சீதனத்தைப் பற்றியும் பாலியல் வன்முறையைப் பற்றியும் நாடகம் போட்டவர். பாலஸ்தீன எழுச்சியில் பெண்களின் பங்கு பற்றிய நாடகம் ஒன்றில் நடிக்க இருந்தார். 1992-ல் சர்வதேச பென் அமைப்பு அவருக்கு விருது அறிவித்தது. வாங்க அவர் வரவில்லை. பிறகும் திரும்பி வரவே இல்லை.

இதைத் தமிழ்நாட்டில் சொன்னால் சிலருக்குச் சங்கடமா இருக்கும், எனக்கும் தெரியும். நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டியில், இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. முப்பது வருஷத்துக்கு மேலா. குண்டு வீச்சுக்குத் தப்பி வந்த குடும்பங்கள். இலங்கை அரசு செய்ததை யாரும் மறக்கச் சொல்லல. செல்வியும் அந்த அரசின் பக்கம் நின்றவர் இல்லை. ஆனா ஒரு தமிழ்ப் பத்திரிகை ஆசிரியரை இல்லாமல் ஆக்கியது தமிழ் இயக்கம். அதையும் சேர்த்துப் பேசாமல் அவர் கவிதையை மட்டும் பாராட்டிவிட்டுப் போவது எனக்குச் சரியாப் படல.

ஒரு கவிஞரை இழந்தால் அவர் எழுதியிருக்க வேண்டிய கவிதைகள் போகும். ஆசிரியரை இழந்தால் அவரிடம் தயங்கித் தயங்கிக் கொண்டு வந்து கொடுத்திருப்பாங்களே, யாரோ ஒரு பொண்ணு மடிச்ச தாளில், அதுவும் போயிடும். அது எத்தனைன்னு கணக்கே இல்லை.

'சொல்லாத சேதிகள்' புத்தகம் நூலகம் இணையதளத்தில் இலவசமாவே இருக்கு. சின்னப் புத்தகம்தான், மெட்ரோவில் போகும்போதே படிச்சிடலாம். படிச்சுட்டு வாங்க, அடுத்த எபிசோட் சிவரமணி பற்றி.