அட்டையும் அடையாளமும்
(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எம்மைப் பேசப் பணித்த காரியதரிசி அவர்கள், சமய சம்பந்தமான விஷயமொன்றையே எம்மிடம் எதிர்பார்த்திருப்பார். அவருடைய மன்னிப்பை வேண்டிக்கொண்டு, வங்கி அட்டையைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறோம். இதற்குக் காரணம் உண்டு. இச்சபையில் எப்பொழுதும் முன்வரிசையில் அமரும் பெரியவர் ஒருவர், சில மாதங்களாக எமது கூட்டங்களுக்கு வருவதில்லை. அவர் பெயரைச் சொல்லமாட்டோம். எனினும் நடந்ததைச் சொல்ல அவரிடம் உத்தரவு பெற்றிருக்கிறோம்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மகள் வெளிநாட்டிலிருந்து அடிக்கடி பொதி அனுப்புவது வழக்கம். ஒருநாள் அவருடைய கைத்தொலைபேசிக்கு, 'உமது பொதி வந்திருக்கிறது, விலாசம் சரியில்லை, சிறு கட்டணம் செலுத்துக' என்று ஒரு செய்தி வந்தது. தபால் திணைக்களத்தின் பெயரால் வரும் இத்தகைய பொய்ச் செய்திகளைக் குறித்து அத்திணைக்களமே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. அவர் அதை அறியார். செய்தியிலிருந்த இணைப்பைத் தொட்டு, வந்த பக்கத்தில் அட்டையின் பதினாறு இலக்கங்களையும், பின்புறத்து மூன்று இலக்கங்களையும் எழுதிவிட்டார். சற்று நேரத்தில் ஒருவன் அழைத்து, நல்ல தமிழில், "ஐயா, உங்களுக்கு இப்போது ஆறு இலக்கம் வரும், அதை வாசியுங்கள்" என்றான். வாசித்தார். மூன்று முறை வாசித்தார். வீட்டுக் கூரை மாற்ற வைத்திருந்த பணம் போயிற்று.

அந்த ஆறு இலக்கம் வந்த செய்தியிலேயே எவ்வளவு தொகை, எங்கே செலுத்தப்படுகிறது, இதை எவருக்கும் சொல்லாதே என்பதெல்லாம் எழுதியிருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நாற்பது வருடம் தமிழ் கற்பித்தவர் கண்ணாடியைத் தேடி இலக்கத்தை மாத்திரம் வாசித்தார். இதில் அவரை நாம் எங்ஙனம் குறைகூறுவது? அந்த ஆறு இலக்கம், காசோலையில் இடும் கையொப்பத்துக்குச் சமானம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கைத்தொலைபேசியை வாங்கிக் கொடுத்த பிள்ளைகளும் சொல்லவில்லை. வாலிபர் சங்கமென்று பெயர் வைத்திருக்கும் நாமும் சொல்லவில்லை.

பணம் போனதிலும் பெரிய நட்டம் பின்னர் வந்தது. பதினொரு நாள் அவர் வாய் திறக்கவில்லை. வெட்கம்! பன்னிரண்டாம் நாள் மகனிடம் சொன்னபோது கிடைத்தது ஏச்சு. முதல் அரைமணி நேரத்தில் வங்கிக்கு அறிவித்திருந்தால் அட்டையை நிறுத்தியிருக்கலாம். இரண்டாம், மூன்றாம் முறை போன பணமாவது மிஞ்சியிருக்கக்கூடும். ஆகவே வாலிபர்களே, வீட்டில் ஒருவர் ஏமாந்தேன் என்று சொன்னால் முதலில் தொலைபேசியை எடுங்கள்; கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடையாள அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய இலக்கத்தின் முதலிரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். 1960 ஜனவரி முதலாந் திகதி பிறந்த அம்மையாரின் இலக்கம் 60501 என்று தொடங்கும். இப்போதைய பன்னிரண்டு இலக்க அட்டையிலும் முறை அதுவே. ஆண்டு மட்டும் நான்கு எண்களில் வரும். பிறந்த திகதியையே இரகசிய இலக்கமாக வைத்திருப்போர் இச்சபையில் எத்தனை பேர் என்று நாம் கேட்கப்போவதில்லை. ஆனால் திருகோணமலை வீதியில் போட்டோ கொப்பி எடுத்து, பிழையான பிரதியைக் கடையிலேயே போட்டுவிட்டு வருவோர் பலரைக் கண்டிருக்கிறோம். பிரதி கொடுக்கத்தான் வேண்டுமென்றால், இன்ன காரியத்துக்காக, இன்ன திகதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

மனத்தில் இருந்ததை ஏட்டில் எழுதிவைத்த பெருமை எமது அளுவிகாரைக்கு உரியது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்தத் திரிபிடகம் அங்கே எழுதப்பட்டது. இரகசிய இலக்கத்தின் விஷயத்தில் மாத்திரம் அதற்கு நேர்மாறாக நடக்கவேண்டும். அட்டை உறையிலேயே அதை எழுதிவைப்போர் ஏராளம்.

இது எங்கோ கொழும்பில் நடப்பது என்று எண்ணவேண்டாம். 2024 அக்டோபரில் இணையவழிப் பணமோசடி சம்பந்தமாக நூற்றுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் கைதானது கண்டிக்கு அண்மையில். எமது ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரால் கள்ளர் முப்பத்தைந்து கட்டளைகள் அனுப்பி ஏறக்குறைய 95 கோடி டாலரைக் கவர முயன்றனர். 8 கோடியே 10 இலட்சம் டாலர் மணிலாவுக்குப் போயிற்று. 2 கோடி டாலர் இலங்கையில் ஓர் அமைப்பின் கணக்கை நோக்கி வந்தது. அமைப்பின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்று இருக்கவேண்டிய சொல் 'ஃபண்டேஷன்' என்று எழுத்துப் பிழையாயிருந்தது. வங்கியில் ஒருவர் ஐயுற்றுக் கேட்டார். அந்தப் பணம் திரும்பிப் போயிற்று. எழுத்துப் பிழை பார்க்கும் ஆசிரியரை இனியும் பரிகசிக்காதீர்கள்!

இதிலே வாலிபர்களுக்கு வேறோர் அபாயமும் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும். 'உன் கணக்கைக் கொஞ்ச நாள் தா, வரும் பணத்தை எடுத்துக் கொடு, நூற்றுக்கு இவ்வளவு கழிவு' என்று வேலையில்லாத பையன்களைத் தேடி வருகிறார்கள். திருட்டுப் பணம் அந்தக் கணக்கில்தான் இறங்கும். அழைத்துப் பேசியவனை ஒருவரும் காணார். கணக்கின் சொந்தக்காரன் பெயரும் விலாசமும் வங்கியில் இருக்கும். பொலிஸார் வந்து நிற்பது அவன் வாசலில். 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் அவனையும் பிடிக்கும். எமது ஆசிரியரின் கூரைப் பணமும் யாரோ ஒரு பையனின் கணக்கு வழியாகவே போயிருக்கிறது. அவனும் தமிழ்ப் பையன் என்பதை அறிந்தபோதுதான் அவர் கண் கலங்கினார்.

சட்டங்கள் பல இருக்கின்றன. அட்டை மோசடிக்கென்றே 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அவற்றை விரித்துரைக்க நேரமில்லை. வங்கி எண் உங்கள் அட்டையின் பின்புறத்திலேயே உண்டு. அதுவே முதல் அழைப்பு. பிறகு பொலிஸ் நிலையம். கணினி சம்பந்தமான ஆலோசனைக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101. வங்கி முறையாகக் கவனிக்கவில்லையென்றால் மத்திய வங்கியின் 1935.

கூட்டம் முடிந்ததும் எமது அங்கத்தவர் இருவர் வாசிகசாலை வாசலில் ஒரு மேசை போட்டு இருப்பார்கள். பெரியவர்கள் கைத்தொலைபேசியோடு அவர்களிடம் செல்லுங்கள். வங்கி எண்ணை அதில் பதிந்து, தமிழில் பெயரிட்டுத் தருவார்கள். இரகசிய இலக்கத்தை அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்டால் எம்மிடம் வந்து சொல்லுங்கள்.