உத்தரவு கையில்; உத்தியோகம் எங்கே?

(வேலைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டும் வேலையில் சேர முடியாமல் காத்திருக்கும் வாலிபர்களின் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இந்தக் கூட்டத்தைக் கூட்டியிருப்பவர்கள் வேலை கிடைக்காதவர்கள் அல்ல, வேலை கிடைத்தவர்கள். வேலை கிடைத்தவர்கள் எதற்காகக் கூட்டம் போட்டுக் குறை சொல்ல வேண்டும் என்று வெளியிலே இருப்பவர்கள் கேட்கலாம். வேடிக்கை அங்கேதான் இருக்கிறது. இவர்கள் பரீட்சை எழுதினார்கள், தேறினார்கள், சர்டிபிகேட்டுகளைக் காட்டினார்கள், "நீ தெரிந்தெடுக்கப்பட்டாய்" என்று காகிதமும் வாங்கினார்கள். ஆனால் என்றைக்கு வந்து வேலையில் உட்காருவது என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லுவார் இல்லை. ஊரார் கணக்கில் இவர்கள் உத்தியோகஸ்தர்கள். வீட்டார் கணக்கில் தண்டச்சோறு. வேலை இல்லை என்றாலாவது வேறு வேலை தேடலாம். "இருக்கிறது, பொறு" என்று சொல்லிவிட்டால் தேடவும் முடியாது, சேரவும் முடியாது.

நமக்குத் தெரிந்த ஒரு வாலிபருடைய சங்கதியைச் சொல்லுகிறோம். தகப்பனார் தறி நெய்கிறவர். பையன் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டே படித்துப் பரீட்சை கொடுத்தார். தேறியதாகக் கடிதம் வந்தது. எந்த நேரத்திலும் கூப்பிடுவோம், தயாராக இரு என்று அதில் கண்டிருந்தபடியால் கடை வேலையை விட்டார். சர்க்கார் உத்தியோகம் என்ற நம்பிக்கையில் வீட்டில் வட்டிக்குக் கடனும் வாங்கினார்கள். ஒரு மாதம் போயிற்று, மூன்று மாதம் போயிற்று, எட்டு மாதமும் போயிற்று, உத்தரவு வரவில்லை. தாயார் ஜோசியரிடம் போனார். சனி பார்க்கிறான் என்று அவர் சொன்னார். திருநள்ளாற்றுக்குப் போய் எள் விளக்கு ஏற்றினார்கள். போக்குவரத்துச் செலவு, தட்சிணைச் செலவு எல்லாம் கடனோடு சேர்ந்தன. அப்பொழுதும் ஒன்றும் நடக்கவில்லை.

நம் தோழர் ஒருவர் அந்த வாலிபரை அழைத்துக்கொண்டு போய் நேரில் விசாரித்தார். விஷயம் என்னவென்றால், ஜாதிச் சர்டிபிகேட் உண்மைதானா என்று கேட்டு ஒரு கடிதம் தாலூகா ஆபீசுக்குப் போயிருக்கிறது. அந்தக் கடிதம் அங்கே ஒரு கட்டுக்குள் கட்டாகக் கிடந்தது. பதில் எழுத வேண்டிய குமாஸ்தா மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கட்டைப் பிரிக்கவில்லை. இவ்வளவுதான் சங்கதி! சனி வானத்தில் இல்லை. அந்தக் கட்டுக்குள் இருந்தார். எள் விளக்கு அவருக்கு எட்டவில்லை. ஒரு ரிஜிஸ்டர் தபால் எட்டியது.

தோழர்களே! இதை நாம் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. தாமதத்துக்குக் காரணம் தலையெழுத்து என்று நினைக்கிறவரையில் அந்தக் கட்டை யாரும் பிரிக்கமாட்டார்கள். தாமதம் மனிதனால் உண்டாவது. ஆதலால் மனிதனால் நீக்கக்கூடியது. இதை நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் மேலே நாம் சொல்லப் போவதற்கு அர்த்தம் உண்டு.

முதலில் தனிப்பட்ட கம்பெனிகளைப் பார்ப்போம். படிப்பு முடிவதற்கு முன்னமே கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கிறார்கள். கூப்பிட்டவர்களில் சிலர் வராமற் போவார்கள் என்று கணக்குப் போட்டுத் தேவைக்கு மேலேயே காகிதம் கொடுத்து வைப்பதும் உண்டு. வியாபாரம் நன்றாக நடந்தால் எல்லாரையும் கூப்பிடுவார்கள். வியாபாரம் மந்தமானால் சேரும் தேதியைத் தள்ளிவைப்பார்கள். 2022-இல் ஆர்டர் வாங்கிய என்ஜினீயரிங் பட்டதாரிகளில் பலர் 2024 வரையில் காத்திருந்த செய்தியைப் பத்திரிகைகளில் எல்லாரும் படித்தோம். லாபம் வந்தால் கம்பெனிக்கு. மந்தம் வந்தால் அதன் பாரம், இன்னும் ஒரு நாள் சம்பளங்கூட வாங்காத பையன் தலையில்! இது எந்த ஊர் நியாயம்?

இனி சர்க்காரைப் பார்ப்போம். அங்கே சர்டிபிகேட் சோதனை, போலீஸ் விசாரணை, டாக்டர் பரீட்சை, பண ஒதுக்கீடு, இவைகளுக்குமேல் யாராவது ஒருவர் கோர்ட்டில் வாங்கும் தடையுத்தரவு என்று பல வாயில்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாயிலிலும் ஒரு காவற்காரர் இருக்கிறார். எத்தனை நாளுக்குள் கதவைத் திறக்கவேண்டும் என்று அவரைக் கேட்பவர்தான் இல்லை. ஆனால் உங்களுக்கோ கெடு உண்டு! மத்திய சர்க்கார் வேலைக்கு ஆர்டர் வந்து, நீங்கள் சேராமல் ஆறு மாதம் தாண்டிவிட்டால் அந்த ஆர்டரே செல்லாமற் போய்விடும் என்பது விதி. நீங்கள் தாமதித்தால் வேலை போய்விடும். அவர்கள் தாமதித்தால் அவர்களுக்கு ஒன்றும் போகாது. ஒரு பக்கத்துக்கு மட்டும் கெடு வைப்பதற்கு ஒப்பந்தம் என்று பெயர் சொல்லலாமா? அது ஆண்டான் அடிமைப் பேச்சேயல்லவா?

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். தெரிந்தெடுக்கப்பட்டோர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதனாலேயே ஒருவருக்கு வேலையைப் பெறும் உரிமை வந்துவிடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1991-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இடங்களை நிரப்பாமல் விடுவதையும் சர்க்கார் தன்னிஷ்டப்படி செய்யக்கூடாது, தக்க காரணம் இருக்கவேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்லுகிறது. முதற் பாதியை ஆபீசர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பாதியை நீங்கள்தான் மனப்பாடம் செய்யவேண்டும். பட்டாளத்தில் சேர ஓட்டத்திலும் டாக்டர் பரீட்சையிலும் தேறிக் காத்திருந்த வாலிபர்களுக்கு என்ன நேர்ந்தது? 2022 ஜூனில் அக்னிபாத் திட்டம் வந்தது. பழைய தேர்வு நின்றுபோயிற்று. கோர்ட்டுக்குப் போனார்கள், அவர்களுக்கு உரிமை ஏற்படவில்லை என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆகவே, காத்திருந்தால் என்றைக்காவது கிடைத்துவிடும் என்பதுங்கூட நிச்சயமில்லை.

இந்தக் காத்திருப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே என்று சிலர் சொல்லுவார்கள். இல்லவே இல்லை. நிலபுலம் உள்ளவன் வீட்டுப் பையனுக்கு ஓராண்டு காத்திருப்பது ஓய்வு. ஆபீசர் வீட்டுப் பையனுக்கு ஒரு டெலிபோன் பேச்சோடு தீர்ந்துபோகிற சங்கதி. தறிக்காரர் வீட்டுப் பையனுக்கும், சேரியிலிருந்து முதன்முதல் படித்து வந்த பெண்ணுக்கும் அது வட்டி, அடமானம். பெண்ணாயிருந்தால், உத்தரவு வருவதற்குள் கலியாணத்தை முடித்துவிடு என்று பந்துக்கள் வந்துவிடுவார்கள். அப்புறம் உத்தரவு வந்தாலும் அனுப்ப வேண்டியவன் புருஷன். இப்படியாக, பரீட்சையில் தோற்காதவர்களைக் காலம் தோற்கடிக்கிறது. பரீட்சையில் யாவருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்தார்கள். காத்திருப்பதில் மட்டும் அவனவன் வீட்டுப் பெட்டியைப் பார்த்து மார்க்குப் போடுகிறார்கள்.

நம்முடைய மக்களுக்கு இது புதிதுமல்ல. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாமற் போன காலத்தில், இப்பொழுது இல்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். நீதிக்கட்சி மந்திரிசபை 1921-இல் வகுப்புவாரி உத்தரவு போட்டது. அது காரியத்தில் வருவதற்கு 1928-இல் தோழர் முத்தையா முதலியார் மந்திரியாயிருந்து முயற்சி செய்ய வேண்டியிருந்தது. மண்டல் கமிஷன் 1980 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. 1990 ஆகஸ்டில் வி.பி.சிங் அவர்கள் அதை ஒப்புக்கொண்டு உத்தரவிட்டார். கோர்ட்டுத் தடை வந்து, 1992 நவம்பரில் தீர்ப்பு வந்து, 1993 செப்டம்பரில்தான் மத்திய சர்க்கார் வேலைகளில் அமலுக்கு வந்தது. பதின்மூன்று வருஷம்! அந்தப் பதின்மூன்று வருஷத்தில் வயது வரம்பைத் தாண்டிப் போனவர்களுக்கு எந்தக் கோர்ட்டு பதில் சொல்லிற்று?

எல்லாவற்றிலும் வெட்கக்கேடானது அர்ச்சகர் விஷயம். கோயிலும் பூசையும் நமக்கு நம்பிக்கையில்லாத காரியங்கள். ஆனால் ஒரு மனிதன் ஒரு இடத்துக்குள் நுழைய அவன் பிறப்பு தடை என்றால், அது நம்முடைய மானத்தைப் பற்றிய காரியம். பெரியார் அவர்கள் கடைசிக் காலம் வரையில் இதற்காகப் போராடினார். 1970 டிசம்பரில் பரம்பரை அர்ச்சகர் முறையை எடுக்கச் சட்டசபையில் மசோதா நிறைவேறிற்று. 1972-இல் சுப்ரீம் கோர்ட்டு பரம்பரை உரிமை இல்லை என்று ஒப்புக்கொண்டது. ஆகமம் என்னும் பூட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. 1973-இல் பெரியார் மறைந்தார். 2006-இல் எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்று சர்க்கார் உத்தரவு போட்டு, பள்ளிகள் வைத்து, இருநூறுக்கு மேற்பட்ட வாலிபர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. 2008-இல் அவர்கள் பயிற்சி முடித்தார்கள். தடையுத்தரவு வந்தது, வழக்கு 2015 டிசம்பர் வரை நடந்தது. 2018-இல் மதுரையில் ஒருவருக்கு வேலை கொடுத்தார்கள். 2021 ஆகஸ்ட் 14-ந் தேதி இருபத்துநான்கு பேருக்கு உத்தரவு கொடுத்தார்கள். இருபது வயதில் பயிற்சி முடித்தவனுக்கு முப்பத்துமூன்று வயதில் வேலை! மீதிப் பேர் எத்தனை என்பதை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் அவர்களைப் பார்த்து, நீ தகுதியற்றவன் என்று சொல்லவில்லை. பொறு என்றுதான் சொன்னார்கள். தாமதம் என்பது மறுப்புக்கு மரியாதையான பெயர் என்று நாம் சொல்லுவது இதனால்தான்.

நிற்க. சோதனையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பொய்ச் சர்டிபிகேட் கொடுத்து, உண்மையாகவே கஷ்டப்பட்டவன் இடத்தைத் தட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் சோதனை முடியும் வரையில் வெளியில் நிறுத்திவைக்க வேண்டிய அவசியம் என்ன? மத்திய சர்க்காரே 2016-இல் ஒரு வழி சொல்லியிருக்கிறது. போலீஸ் விசாரணைக்காக நியமனத்தை நிறுத்திவைக்க வேண்டாம். ஆளிடம் எழுதி வாங்கிக்கொண்டு தற்காலிகமாகச் சேர்த்துக்கொள். விசாரணையைப் பிறகு நடத்து. பொய் என்று தெரிந்தால் நீக்கிவிடு என்பதே அது. ஜாதிச் சர்டிபிகேட் விஷயத்திலும் பின்னால் சரிபார்ப்பதற்கு உட்பட்டே நியமனம் என்று ஆர்டரிலேயே ஷரத்துப் போடுகிறார்கள். வழி இருக்கிறது, நடக்க மனம்தான் இல்லை.

இனி நீங்கள் செய்யவேண்டிய காரியங்களைச் சொல்லுகிறோம். சேரும் தேதி எழுத்தில் வருகிறவரையில் கையில் இருக்கிற வேலையை விடாதீர்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கடன் வாங்காதீர்கள். கேட்பதை எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கார் ஆபீசானால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. என் காகிதம் எந்த மேஜையில், என்றைய தேதியிலிருந்து இருக்கிறது என்று மனுப் போட்டால் முப்பது நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். மத்திய சர்க்கார் ஆபீசுக்கு மனுக் கட்டணம் பத்து ரூபாய். ஜோசியருக்குக் கொடுத்த தட்சிணையைவிட அது மிகவும் மலிவு. அன்றியும் அதற்குப் பதில் வரும்.

மற்றொன்று, தனித்தனியாகப் போகாதீர்கள். தனியாகப் போனால் கும்பிடு போடத் தோன்றும். பத்துப் பேராகப் போனால் கேள்வி கேட்கத் தோன்றும். சிபாரிசுக்கு ஆள் தேடாதீர்கள். சிபாரிசினால் உங்கள் கட்டு மேலே வந்தால், இன்னொரு ஏழையின் கட்டு கீழே போயிற்று என்பதே அர்த்தம். ஆள் எடுப்பவர்களுக்கும் ஒரு கெடு வைக்கச் சட்டம் வேண்டும். கெடு தாண்டினால் அந்த நாள்களுக்குச் சம்பளமும் சர்வீசும் கணக்கில் சேரவேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். தாமதத்துக்குச் செலவு இல்லாத வரையில் தாமதம் நிற்காது. செலவு அவர்களுக்கு என்று ஆகட்டும்; கட்டுகள் தாமாகவே பிரிந்துகொள்ளும்!

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் காத்திருக்கும் பிள்ளையைத் தண்டச்சோறு என்று சொல்லாதீர்கள். அவன் சோம்பேறியல்ல, அவன் வேலையை இன்னொருவர் பூட்டி வைத்திருக்கிறார். பெண்ணாயிருந்தால், அவள் உத்தரவு வருகிற வரையில் கலியாணப் பேச்சை நிறுத்தி வையுங்கள். நேர்த்திக்கடனுக்கு முடிந்துவைத்த காசை அவிழ்த்து, தபாலுக்கும் மனுவுக்கும் கொடுங்கள்.

நாம் சொன்னதை அப்படியே நம்பவேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள்; சரியென்று பட்டால் செய்யுங்கள். இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இந்தப் பொறுமையை எங்களிடத்தில் மட்டும் காட்டுங்கள். ஆர்டரைக் கொடுத்துவிட்டு உங்களை வெளியில் நிறுத்தி வைத்திருப்பவர்களிடத்தில் காட்டவேண்டாம்.