தொட்டி மீனுக்கும் வரப்புச் சண்டை உண்டு



கூனிமேடு, மரக்காணம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை நின்றுபோகும். அந்த மாதங்களில் கைச்செலவுக்கு ஆகட்டும் என்று வீட்டோரம் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்க நினைக்கிறவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் சென்னை கொளத்தூரில் பளபளக்கிற ஆப்பிரிக்க சிக்லிட் மீனைப் பார்த்து மயங்கி, கப்பி மீன் மாதிரி வாங்கி வந்து கொட்டிவிடாதீர்கள். நோய் வராமலே, ஒன்றை ஒன்று அடித்தே கொன்றுவிடும்.

இந்தச் சாதி உங்களுக்குப் புதிசு அல்ல. நம்ம குளத்து ஜிலேபிக் கெண்டை இதன் பங்காளிதான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. குளம் வற்றும்போது தரையில் தட்டு தட்டாகப் பள்ளம் தெரியுமே, அது ஆண் மீன் பறித்தது. உடம்பு கறுத்து, அந்தப் பள்ளத்தைப் பட்டா நிலம் போலக் காத்து நிற்கும். எதிராளி வந்தால் சிறுநீரை விட்டு, அதன் வாடையாலேயே தன் பலத்தைக் காட்டும். பெண் மீன் முட்டையை வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சு பொரியும் வரை அநேகமாகப் பட்டினியாகவே கிடக்கும்.

தொட்டிக்கு வருகிறவற்றில் பல, மலாவி ஏரிப் பாறைச் சந்தில் வாழ்கிறவை. அங்கே ஒவ்வொரு சந்துக்கும் ஒரு சொந்தக்காரன். தோற்ற மீன் ஏரியில் ஓடிப்போய்ப் பிழைக்கும். நாலடித் தொட்டியில் எங்கே ஓடும்? சங்கதியே இதுதான். தண்ணீரின் மேல் மூலையில், செதில் கிழிந்து, தீனிக்கும் வராமல் ஒரு மீன் ஒண்டி நின்றால் அன்றைக்கே எடுத்து வேறு தொட்டியில் விடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்றால் பிழைக்காது.

அடிக்கிறவனை எடுத்துவிட்டால் தீராதா என்று கேட்பீர்கள். தீராது. இரண்டாவது இடத்தில் இருப்பவன் நாட்டாமைக்கு வந்துவிடுவான். (ஊரிலே பார்க்காததா?) நாலு மீனை மட்டும் விட்டால் ஒருவன் மற்ற மூன்றையும் தீர்த்துவிடுவான். கொஞ்சம் நெருக்கமாக, ஒரே அளவுக் குஞ்சுகளாக ஒரே நாளில் விட்டால் அடி பலர்மேல் பரவி, யார் மேலும் அதிகம் விழாது. ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது வேண்டும். நெருக்கி விட்டால் காற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். கருங்கல், உடைந்த பானை, குழாய்த் துண்டு எல்லாம் போட்டு ஒளிய இடம் கொடுங்கள். புது மீன் விடும் நாளில் கற்களைக் கலைத்து இடம் மாற்றி அடுக்கி, இருட்டிய பிறகு விடுங்கள். பழைய வரப்பு அழிந்துபோவதால், பழைய மீனும் புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும்.

குணமும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. மஞ்சள் லேப் சாது. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஆரட்டஸ் பொல்லாதது, முதல் தடவை வளர்க்கிறவர்களுக்கு அது வேண்டாம். தங்கனீக்கா ஏரியின் பிரிச்சார்டியோ கூட்டுக்குடும்பம். மூத்த குஞ்சுகள் தம்பி தங்கைகளைக் காவல் காக்கும்.

பருப்பு வேகாத கடினத் தண்ணீர் இவற்றுக்கு ஏற்றது, ஆனால் உவர்நீர் ஆகாது. மலாவிப் பாறை மீன் பாசி தின்கிறது. புழு, இறைச்சி என்று போட்டால் வயிறு ஊதிச் சாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விலை போகாத மீனைக் கழுவெளியிலோ ஏரியிலோ விடாதீர்கள். ஜிலேபி அப்படிப் பரவித்தான் சொந்தக் கெண்டைகளின் இடத்தைப் பிடித்தது. 1959-லேயே அதை மேற்கொண்டு பரப்பக் கூடாது என்றார்கள். அதற்குள் மீன் கைமீறிப் போயிருந்தது. கழுவெளி 2021 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே மீன் பிடித்துப் பிழைக்கிற குடும்பங்களும் உண்டு. 2024 நவம்பர் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே தொட்டியை மேட்டில் கட்டி, விளிம்பைத் தரையிலிருந்து இடுப்பளவு உயர்த்தி, மழைக்கு முன்பே மேலே வலை கட்டிவிடுங்கள். மிஞ்சிய மீனை, குஞ்சு கொடுத்த வியாபாரியே திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று வாங்கும்போதே பேசி வையுங்கள்.