மேடையில் யாருக்கு இடம்?
(பொன்விழா இளையோர் கலைமாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இக்கலைமாலைக்கு ஏற்பாடு செய்யும்போது நம் இளைஞர் மன்றத்தினர் ஓர் ஆசையைச் சொன்னார்கள். “திருவையாற்றுக்கு வெளிநாட்டுக் கலைஞர்களெல்லாம் வந்து பாடியிருக்கிறார்களே சாமி, நம் ஊருக்கும் அப்படி யாராவது வரமாட்டார்களா?” என்றார்கள். சென்னையிலுள்ள பிரகிருதி ஃபவுண்டேஷன் காவிரிக்கரையில் நடத்திய புனித இசை விழாவைத்தான் அவர்கள் குறிப்பிட்டார்கள். பல சமயங்களின் பக்திப் பாடல்கள் ஒரே படித்துறையில் ஒலித்த விழா அது. பிள்ளைகளின் ஆசை நல்ல ஆசைதான்.

அந்நிய இசையை வரவேற்பது தஞ்சை மண்ணுக்குப் புதிதன்று. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர், தம் அரண்மனையில் மேனாட்டு வாத்தியங்களைக் கொண்ட பேண்டுக் குழுவை வைத்திருந்தார். தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்களில் இளையவரான வடிவேலு, ஐரோப்பியரின் வயலினைக் கற்று நம் இராகங்களை அதில் இசைத்தார். அவருடைய திறமையை மெச்சித் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி உண்டா? நம் பாடகர் குழுவின் ஆர்மோனியமும் கடல் கடந்து வந்ததுதானே!

ஆக, தூரத்திலிருந்து வந்ததற்கு இடம் கொடுக்க நமக்குத் தெரியும். பக்கத்திலிருப்பதற்கு இடம் கொடுக்கத்தான் நாம் தயங்குகிறோம்.

அதே திருவையாற்றையே பாருங்கள். தியாகராசர் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாதென்று தடுத்து வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுத் தியாகராசர் சமாதியில் கோயில் எழுப்பினார். கோயில் கட்டிய அம்மையாருக்கே ஆராதனையில் பாட இடமில்லை! அவர் மனந்தளராமல் பெண்களைத் திரட்டித் தனியாக வழிபாடு நடத்தினார். 1940-ஐ ஒட்டித்தான் பிரிந்து கிடந்த குழுக்கள் ஒன்றுபட்டன. இன்று ஆணும் பெண்ணும் சேர்ந்தமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். தேர்ப்பவனிக்கு முன்னால் தப்பு அடித்துச் செல்பவர்கள் யார்? வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சி, விரலும் குச்சியும் பேச, தெருவையே எழுப்பி விடுகிறவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா? ஆயினும் தேர் நிலைக்கு வந்ததும் அவர்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்; மேடை வேறு யாருக்கோ போகிறது. சாவு வீட்டில் அடிக்கும் கருவி என்று காரணம் சொல்கிறோம். சாவு வீட்டில் நாம் செபமாலையும் சொல்கிறோமே, அதை யாராவது தாழ்வென்று ஒதுக்கினோமா? இழிவு தோலிலும் இல்லை, கட்டையிலும் இல்லை. அடிப்பவன் எந்தத் தெருவான் என்று பார்க்கும் நம் கண்ணில் இருக்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டுமென்று சொல்கிறது. மக்களின் இசையை மதித்து, அதை இசைக்கும் மக்களை வெளியே நிறுத்தினால் அது மதிப்பாகுமா?

ஆகவே பங்குப் பேரவையில் பேசி முடிவு செய்திருக்கிறோம். இன்றைய முதல் நிகழ்ச்சி தப்பாட்டம். வாசலில் அன்று, இதே மேடையில். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் நம் எல்லாருடனும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பார்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலைகளில் விரும்பிய பிள்ளைகளுக்கு அவர்களே தப்பு கற்றுக் கொடுப்பார்கள். பெற்றோரே, எந்தத் தெருவானாலும் உங்கள் மகனையும் மகளையும் அனுப்பி வையுங்கள்.

இளைஞர்களே, வெளிநாட்டுக் கலைஞர் ஒருநாள் நம் ஊருக்கும் வரட்டும். அவர் பாடி முடித்து, “உங்கள் ஊர் இசையைக் கேட்கலாமா?” என்றால், எழுந்து முன்னால் வர நம்மில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்த வரத்தை இறைவன் நமக்கு அருள்வாராக!