காசோலையும் கைச்சாத்தும்



காசு, ஓலை என்னும் இரு தமிழ்ச் சொற்களின் புணர்ப்பே காசோலை. அதனைச் ‘செக்கு’ என்பார் எண்ணெய் ஆட்டும் செக்கையே நமக்கு நினைவூட்டுகின்றனர். அதில் இடும் கையொப்பத்தை ஈழத் தமிழர் இன்றும் கைச்சாத்து என்பர். பெயர் தமிழாயிருந்தும் அவ்வோலையின் குறிகளை நம்மவருள் பலர் அறியார். அறியாமையால் பொருளிழப்பதும் உண்டு. ஆகவே சில சொல்வேன்.

காசோலையின் இடப்பக்க மூலையில் இணையாக இரு கோடுகள் இழுப்பது கீறல் எனப்படும். கீறிய ஓலைக்கு வைப்பகம் கைக்காசு தராது. மற்றொரு வைப்பகக் கணக்கின் வழியே தரும். கோடுகளின் நடுவே ‘பெறுநர் கணக்கிற்கு மட்டும்’ என எழுதின், பெயர் குறித்தவர் கணக்கிலன்றிப் பிறர் கணக்கில் அத்தொகை சேராது. அஞ்சலில் விடுப்போர் இதனை மறவற்க.

‘கொணர்பவர்க்கு’ என்னும் அச்சுச் சொல்லை அடிக்காமல் விடின், கீறாத ஓலையைக் கொண்டுசெல்பவர் எவரும் பணம் பெறலாம். அதனை அடித்துவிடின், பெயருடையார்க்கோ அவர் எழுதித் தந்தவர்க்கோ மட்டுமே தொகை உரியதாகும்.

பெறுநர் ஓலையின் பின்புறம் ஒப்பமிட்டுப் பிறர்க்கு மாற்றுவது புறவொப்பம். வெறும் பெயர் மட்டும் இடின், அவ்வோலை கையில் வைத்திருப்பார்க்கெல்லாம் உரியதாகிவிடும். ‘இன்னார்க்குத் தருக’ என்றெழுதி ஒப்பமிடுவதே காப்பு.

தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுகின்றோம். இரண்டும் மாறுபடின் எழுத்தே செல்லும் என்பது 1881-ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும் மாறுபட்ட ஓலையை வைப்பகம் திருப்பிவிடவும் கூடும். எழுத்தின் இறுதியில் ‘மட்டும்’ எனச் சேர்த்து, எஞ்சிய வெற்றிடத்தைக் கோடிட்டு அடைத்துவிடுக. பெயரிலோ தொகையிலோ அடித்தல் திருத்தல் இருப்பின் வேறோலை எழுதுக. 2012 ஏப்பிரல் முதல், எழுதிய நாளினின்று மூன்று திங்களே காசோலைக்கு வாழ்நாள்.

அடியில் காந்த மையால் அச்சிட்ட எண்களைக் கண்டிருப்பீர்கள். முதல் ஆறும் ஓலையின் எண். அடுத்த ஒன்பதில் முதல் மூன்று நகரையும், நடு மூன்று வைப்பகத்தையும், கடை மூன்று கிளையையும் குறிக்கும். அவற்றைப் பொறியே படித்தறியும். ஆகையால் அவ்விடத்தில் மைபடலாகாது, மடிப்பும் கூடாது.

இனி, யான் மிக வற்புறுத்துவது ஒன்று. வட்டிக்குக் கடன் வாங்குவோர் தொகை எழுதாத வெற்றோலையில் ஒப்பமிட்டு ஈடாகத் தருகின்றனர். தாமே மனமிசைந்து தந்த அத்தகைய ஓலையும், பிறரே நிரப்பியிருப்பினும், கடனுக்காகத் தந்ததாகவே கொள்ளப்படும் என உச்ச முறைமன்றம் 2019-இல் தீர்த்தது. அன்று எனக் காட்டும் பொறுப்பு ஒப்பமிட்டவர்மேல் விழும். கணக்கில் பணமின்றி ஓலை திரும்பின், ஈராண்டு வரைச் சிறையோ, தொகையின் இருமடங்கு வரைத் தண்டமோ, இரண்டுமோ நேரலாம். வெற்றோலையில் கைச்சாத்து இடுவது தன் கழுத்தைப் பிறர் கையில் தருவதாகும்!

காசோலையைத் தமிழிலேயே எழுதலாம். இந்தி, ஆங்கிலம், அவ்வட்டார மொழி ஆகியவற்றுள் எதிலும் எழுத, ரிசர்வ் வங்கி எனப்படும் நடுவண் வைப்பகமே இசைவளித்துள்ளது. தமிழில் ஒப்பமிட விழைவார் முதலில் வைப்பகத்தில் புதிய மாதிரி ஒப்பம் தந்து பதிவித்தல் வேண்டும். பதிந்ததும் இட்டதும் வேறாயின் ஓலை திரும்பும்.

படித்துப் பார்த்து ஒப்பமிடுக. படியாதார்க்குப் படித்துக் காட்டுக.