ஒரே விலாசம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் தமிழ் படிப்பிக்கிறேன். சில மாதங்களுக்கு முன்னர் ஏழாம் வகுப்பில் கடிதம் எழுதும் பாடம். "மேலே உங்கள் விலாசத்தை எழுதுங்கள்" என்றேன். கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கொப்பியிலும் ஒரே விலாசம். தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், ஊரின் பெயர். அவ்வளவுதான். பின்வாங்கிலிருந்த பையன் ஒருவன் எழுந்து கேட்டான்:

"சேர், எல்லாருக்கும் ஒரே விலாசம்னா கடிதம் யாரு வீட்டுக்குப் போகும்?"

பதில் எனக்குத் தெரியும். யார் வீட்டுக்கும் போகாது. தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து பெரட்டுக்களத்திலோ பால் ஸ்டோரிலோ கைமாறி, எதிர்ப்பட்டவர் கையில் ஏறி, லயத்திற்கு வந்தால் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் தப்பால்காரர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த வழி அது. பையும் தப்பால்காரரும் போய்விட்டார்கள். வழி மட்டும் அப்படியே இருக்கிறது.

இதை நான் ஒரு வேடிக்கையாகச் சொல்லவில்லை. என் தங்கை உயர்தரம் சித்தியடைந்து வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எங்கள் டிவிசனில் அவள் பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். கடிதம் வேறொரு லயத்தில், வேறொரு காம்பராவில், கூரைத் தகரத்தின் கீழே செருகிக் கிடந்தது. எங்கள் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து ஒன்பது நாள். அந்த வீட்டுப் பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. அவரை எப்படி நோவது? தங்கை அன்று அழவில்லை. அடுத்த மாதம் பேர் பதிந்துகொண்டு பால் வெட்டப் போனாள். இன்றும் வெட்டுகிறாள்.

இப்போது அவளுடைய மகன் கட்டாரில் இருக்கிறான். இரவு எட்டு மணிக்கு அவன் முகம் அவளுடைய கைத்தொலைபேசியில் தெரிகிறது. இஸ்தோப்பில் உட்கார்ந்து, "சாப்பிட்டியா சாமி?" என்று கேட்கிறாள். கடல் கடந்த பிள்ளையின் முகம் ஒரு நொடியில் வந்து சேரும் அதே இஸ்தோப்புக்கு, கேகாலையிலிருந்து புறப்பட்ட ஒரு கடிதம் ஒன்பது நாள் கழித்தும் வந்து சேராமல் போனதே என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது.

"இந்தக் காலத்தில் கடிதம் யார் எழுதுகிறார்கள்?" என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். மாமன் மச்சான் எழுதுவதில்லை என்பது உண்மை. ஆனால் நீதிமன்ற அழைப்பாணை இன்னும் தபாலில்தான் வருகிறது. வாக்காளர் அட்டை தபாலில் வருகிறது. அடகு வைத்த தோடு ஏலத்திற்குப் போகிறது என்ற அறிவித்தல் தபாலில் வருகிறது. பிந்தினால் தோடு போய்விடும். காதில் கிடந்த அந்த ஒரு சோடிதான் பல வீடுகளில் வங்கிக் கணக்கு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

புதிய தொழில்நுட்பமும் கடைசியில் இதே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்த நல்ல சேவை. ஒரு நள்ளிரவில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்காக நான் அழைத்தேன். "வீடு எங்கே?" என்று கேட்டார்கள். "கோயிலுக்கு மேலே, பழைய பால் ஸ்டோருக்குக் கீழே, நாலாம் லயம், கடைசிக் காம்பரா" என்றேன். எங்கள் உண்மையான விலாசம் அதுதான். அது எந்த வரைபடத்தில் இருக்கிறது? டோர்ச் லைட்டோடு பெரிய ரோட்டுக்கு ஓடி நின்றுதான் வண்டியைக் கூட்டிவந்தோம்.

இது நேற்று வந்த குறை அல்ல. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பங்கிட்டார்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது, பலர் உடுத்த துணியோடு வவுனியாப் பக்கம் போனார்கள். பிரசாவுரிமைப் பிரச்சினையை முடித்துவைக்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இன்று வாக்கு இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. அந்த அட்டையில் விலாசம் என்ற இடத்தில் மட்டும் தோட்டத்தின் பெயர் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் போன என் பெரியப்பா நீலகிரியில் கூடலூரில் குடியேறினார். அவர் எழுதிய கடிதங்களை அம்மா தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அனுப்புநர் விலாசத்தில் கதவு இலக்கம் இருக்கும், தெருப் பெயர் இருக்கும். நாங்கள் எழுதிய பதிலில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது. பிறந்த மண்ணை விட்டுப் போனவருக்கு வீட்டு இலக்கம் கிடைத்தது. இந்த மண்ணிலேயே தங்கியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தேர்தல் மேடைகளில் எங்கள் நாட்சம்பளம் பேசப்படுகிறது. பேசத்தான் வேண்டும். 2021 இல் 1,000 ரூபா, 2024 இல் 1,350 ரூபா, 2026 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வரவுக் கொடுப்பனவோடு 1,750 ரூபா. ஆனால் விலாசத்தைப் பற்றிப் பேசிய மேடையை நான் காணவில்லை. சப்ரகமுவவில் நாங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறி வாழ்கிறோம். நுவரெலியாவைப் போல வாக்குப் பலம் இங்கு இல்லை. பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சகோதரரின் படலைக்குத் தபால்காரர் சைக்கிளில் வருகிறார். தேயிலைக் கானைத் தாண்டி எங்கள் பக்கம் வருவதில்லை. பிரதேச சபை தோட்டக் குடியிருப்புக்குப் பணம் செலவிடத் தடையாக இருந்த 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் லயத்திற்கு ஓர் இலக்கத் தகடு அடிக்க முடியாதா?

புதிய தனி வீடுகள் எழுந்த சில இடங்களில் பெயரும் இலக்கமும் வந்திருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் லயங்கள் எல்லாம் தனி வீடுகளாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாதைக்கு ஒரு பெயர், காம்பராவுக்கு ஓர் இலக்கம், வாசல்வரை வரும் ஒரு தபால்காரர். இந்த மூன்றுக்கும் பெரிய செலவில்லை. டிஜிட்டல் அடையாள அட்டை கொண்டுவரப்போவதாக அரசாங்கம் சொல்கிறது. அந்த அட்டையிலும் தோட்டத்தின் பெயரையே எழுதினால், பழைய செக்ரோலைக் கணினியில் ஏற்றியதாகத்தான் முடியும். கடிதம் என் பெயருக்கு வருகிறது. ஆனால் தோட்டத்தின் கையால் வருகிறது. அந்தக் கை நடுவில் இருக்கும்வரை நான் அரசாங்கத்தின் பிரசையா, தோட்டத்தின் ஆளா என்பது எனக்கே தெளிவில்லை.

அந்தப் பையனுக்கு மறுநாள் பதில் சொன்னேன். "நம்ம வீடு எங்கே இருக்கிறதென்று ஊரறியாதவருக்கு விளங்கும்படி எழுதிவா" என்றேன். அவன் எழுதியிருந்தான்: "இலக்கம் 5, மாமரத்து லயம், பள்ளிக்கூடப் பாதை." இலக்கமும் அவன் வைத்தது, பாதையின் பெயரும் அவன் வைத்தது. முழுப் புள்ளி போட்டேன். பிறகு அந்த விலாசத்துக்கே ஒரு கடிதம் எழுதி, முத்திரை ஒட்டித் தபாலில் போட்டேன்.

நேயர்களே, அது இன்னும் அவன் கைக்கு வரவில்லை. காலையில் என்னைக் காணும்போதெல்லாம், "சேர், கடிதம் வரலையே" என்கிறான்.